மணலுக்கடியில் ஒரு மாரிகாலம்: திருகோணமலை நீர்ப்பயணக் குறிப்புகள்

1 ஓகஸ்ட் 2024, வியாழன் – ஹொரவப்பொத்தானை, திருகோணமலை நகரம்

வவுனியாவிலிருந்து கிழக்கே திரும்பிய பஸ், ஹொரவப்பொத்தானையைத் தாண்டிச் சிறிது தூரத்தில் இயந்திரம் சூடேறி நின்றுவிட்டது. நடத்துநர் வெற்றுக் கலனோடு வீதியோர வீடொன்றுக்குப் போனார். கால்களை நீட்டிக்கொள்ளலாமே என்று நாங்கள் சிலரும் பின்னால் சென்றோம். அந்த வீட்டு அம்மா கிணற்றிலிருந்து தண்ணீர் அள்ளிக் கலனை நிரப்பிக் கொடுத்தார். ஆனால் அதையே குடிக்கக் கை நீட்டிய ஒருவரைத் தடுத்து, "இது வண்டிக்கு மட்டும் மகன், குடிக்கிறதுக்கு வாங்கின தண்ணி இருக்கு" என்று உள்ளே போய்ப் பெரிய போத்தலொன்றை எடுத்து வந்தார். அந்தத் தண்ணீரை லீற்றர் மூன்று ரூபாய்க்கு, ஊர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் வாங்குகிறார்களாம். முன்பின் தெரியாத பஸ் பயணிகளுக்கு, காசு கொடுத்து வாங்கிய நீரை ஊற்றித் தந்த அந்த அம்மா காசெதுவும் வாங்க மறுத்துவிட்டார்.

கிணறு நிறையத் தண்ணீர் இருந்தும் குடிநீரை விலைக்கு வாங்கும் நிலை வட மத்திய மாகாணத்திற்கும் அதை ஒட்டிய பகுதிகளுக்கும் ஏன் வந்தது என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். 1990-களின் முற்பகுதியிலிருந்து அங்கே விவசாயக் குடும்பங்களைத் தாக்கிவரும், காரணம் உறுதிப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் திருகோணமலை மாவட்டத்தின் பதவி சிறிபுர போன்ற மேற்கு எல்லைப் பிரிவுகளையும் விட்டுவைக்கவில்லை. நீரின் வன்மை, புளோரைட்டு, விவசாய இரசாயனங்கள், வெயிலில் உடல் நீரிழத்தல் என்று பலவற்றையும் ஆய்வாளர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். ஒன்றையே காரணமென்று அறுதியிட்டுச் சொல்லும் முடிவு இன்னும் வரவில்லை. ஆனால் மக்கள் அந்த முடிவுக்காகக் காத்திருக்காமல் கிணற்று நீரைக் குடிப்பதைக் கைவிட்டுவிட்டார்கள், அதில் அவர்களைக் குறை சொல்ல என்னால் இயலாது.

நான் சுண்ணாம்புக்கல் நாட்டுக்காரன். யாழ்ப்பாணத்தில் ஆறு என்று சொல்ல மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறு ஒன்றுதான் உண்டு. மற்றவை எல்லாம் கிணறுகள், அந்தக் கிணறுகளில் உரத்திலிருந்தும் மலகூடக் குழிகளிலிருந்தும் இறங்கும் நைத்திரேற்று. அந்த ஒரே வகை நிலத்தடி நீரோடு பல ஆண்டுகள் மல்லாடியவனுக்கு, இலங்கையின் மிக நீண்ட ஆறான மகாவலி கடலில் சேரும் மாவட்டத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டுமென்ற ஆசை நெடுநாளாக இருந்தது. மணற் கிணறு, பெருங்குளம், வெந்நீரூற்று, ஆற்று முகத்துவாரம் என நான்கு வகை நீரும் ஒரு நாள் பயணத் தூரத்துக்குள் அமைந்த இடங்கள் இலங்கையில் அதிகமில்லை.

மாலையில் நகரத்தை அடைந்தபோது கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்தது. மேற்கிலிருந்து மலைகளைத் தாண்டி ஈரத்தை இழந்து வரும் இந்தக் காற்று உதட்டை வெடிக்கச் செய்கிறது. கடற்கரையில் நின்றாலும் கடலின் குளிர்ச்சி கிடைப்பதில்லை. தங்குமிடத்துக்கு அருகிலிருந்த சிறிய சாப்பாட்டுக் கடையில் இடியப்பமும் சொதியும் சூடை மீன் பொரியலும் 450 ரூபாய்க்குச் சாப்பிட்டேன். மேசையில் வைத்த நீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டதற்குக் கடைக்காரர், "கந்தளாய்த் தண்ணிதான் ஐயா, வேற என்ன" என்றார். நகரத்தின் குழாய் நீர் கந்தளாய்க் குளத்திலிருந்து வருகிறது என்பதை இங்கே சிறு பிள்ளையும் சொல்லும்.

2 ஓகஸ்ட், வெள்ளி – நிலாவெளி, குச்சவெளி

மோட்டார் சைக்கிள் ஒன்றை நாளொன்றுக்கு 2500 ரூபாய் வாடகைக்கு எடுத்துக்கொண்டு வடக்கே புறப்பட்டேன். உப்புவெளியைக் கடந்ததும் வீதியின் இருபுறமும் மணல் தொடங்குகிறது. வலப்புறம் கடல், இடப்புறம் களப்பு, நடுவே பனையும் பூவரசும் நிற்கும் உயர்ந்த மணற்றிட்டு. பயணிகள் இந்தக் கரைக்குப் புறாமலைத் தீவையும் பவளப் பாறையையும் பார்க்க வருகிறார்கள். நான் பார்க்க வந்தது அவர்களின் காலுக்கடியில் இருப்பது.

மண்ணியல் அறிஞர் பானபொக்க தம் சக ஆய்வாளர் பெரேராவோடு சேர்ந்து 2005-இல் இலங்கையின் நிலத்தடி நீர்ப்படுகைகளை ஆறு பெரும் வகைகளாகப் பிரித்துக் காட்டினார். யாழ்ப்பாணத்தின் சுண்ணாம்புக்கற் படுகை அவற்றுள் ஒன்று. கரையோர மணற்படுகை இன்னொன்று. அதிலும் பழைய கடற்கரை உயர்ந்து உருவான திட்டுக்களில் தங்கும் நீருக்கு நிலாவெளி – குச்சவெளிப் பகுதியும் புல்மோட்டையும் கல்குடாவும் எடுத்துக்காட்டுகள். திருகோணமலையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1600 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கு ஐப்பசி முதல் தை வரையான வாடைக் காலத்திலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அந்த நான்கு மாத மழையை மணல் குடித்து வைத்திருந்து மீதி எட்டு மாதமும் ஊருக்குக் கொடுக்கிறது. மழை நீர் கடல் நீரைவிட இலேசானது என்பதால், பாலின் மேல் ஆடை படிந்திருப்பதுபோல உவர்நீரின் மேல் நன்னீர் படிந்து கிடக்கிறது. நன்னீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு ஒரு மீற்றர் மேலே நின்றால், அதன் அடி ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம்வரை உவர்நீரை அழுத்தி வைத்திருக்கும் என்பது பழைய கணக்கு. மணலின் தடிப்பு அவ்வளவு இல்லாத இடங்களில் இது அப்படியே பொருந்தாது. ஆயினும் அந்த விகிதம் சொல்லும் எச்சரிக்கை பெரியது. மேலே ஒரு சாண் நீரை அதிகமாக இறைத்தால், கீழே உப்பு பல மடங்கு மேலேறும்.

குச்சவெளிப் பக்கம் வெங்காயத் தோட்டமொன்றில் முதியவர் ஒருவர் இறைப்பை முடித்துக்கொண்டிருந்தார். நான் கேட்டதும் பம்பை நிறுத்திவிட்டு, வாய்க்காலில் கைகால் கழுவச் சொல்லி, பூவரச நிழலில் கதிரை போட்டுத் தந்தார். கிணறு சீமெந்து வளையங்கள் இறக்கியது. விளிம்பிலிருந்து எட்டிப் பார்த்தால் மூன்று மீற்றருக்குள் நீர் தெரிகிறது. வளையங்களின் மூட்டுக்களில் பாசி பச்சையாகப் படர்ந்திருக்க, பம்பு நின்ற சிறிது நேரத்தில் மணலின் ஓரத்திலிருந்து நூல் நூலாக நீர் கசிந்து உள்ளே இறங்குவதையும், ஒவ்வொரு கசிவின் வாயிலும் நுண்மணல் சிறு விசிறியாகப் படிவதையும் கண்ணால் காண முடிந்தது. கொண்டுபோயிருந்த, நீரின் உப்பளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மானியை வாளியில் விட்டுப் பார்த்தேன், நல்ல நீர். அவர் அந்த எண்ணைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுத் தம் அளவைச் சொன்னார்: "வெங்காயத் தாளின் நுனி கருகினால் தண்ணி உவர்க்கத் தொடங்கிட்டுதெண்டு அர்த்தம் தம்பி. அப்ப நான் இறைப்பைப் பாதியாக்கிப் போடுவன்." இரண்டு குதிரைவலுப் பம்பை ஒரேயடியாக மணிக்கணக்கில் ஓட்டாமல், காலையில் ஒரு மணி நேரமும் மாலையில் ஒரு மணி நேரமுமாகப் பிரித்து இறைப்பது அவருடைய வழக்கம். பாடநூல்கள் கரையோர மணற்படுகைக்குப் பரிந்துரைப்பதும் இதே முறைதான்.

2004 டிசெம்பர் 26 சுனாமி பற்றிப் பேச்சு வந்தது. கடல் இந்தத் திட்டைக் கடந்து களப்புவரை போயிற்று. கிணறுகள் எல்லாவற்றிலும் உப்பும் சேறும் நிறைந்தன. பல இடங்களில் நல்லெண்ணத்தோடு வந்தவர்கள் கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்துச் சுத்தப்படுத்தினார்கள். பின்னர் கிழக்குக் கரையில் நடந்த ஆய்வுகள், அவ்வாறு மிகையாக இறைத்தது சில இடங்களில் கீழிருந்த உவர்நீரை மேலே இழுத்ததையும், கிணறுகளை உண்மையில் தேற்றியது அடுத்தடுத்த மாரிகளின் மழையே என்பதையும் காட்டின. முதியவர் அந்த ஆய்வுகளைப் பற்றிக் கேள்விப்பட்டவரல்லர். தம் கிணற்றை அடுத்த வாடை வரும்வரை தொடவேயில்லை என்றார்.

எனக்குக் கவலை தருவது இந்தத் தோட்டங்கள் அல்ல. கரையோரம் ஆண்டுக்காண்டு பெருகும் விடுதிகளும், அவற்றின் குழாய்க் கிணறுகளும், அதே மணலுக்குள் இறங்கும் அவற்றின் கழிவுக் குழிகளுமே. மணற்படுகை நீரைத் தாங்கி வைத்திருக்கிறது. அழுக்கைத் தடுக்கும் களிமண் கூரை அதற்கில்லை. உல்லாசப் பயணிகள் அதிகம் வருவது வைகாசி முதல் புரட்டாதி வரை; படுகையில் நீர் மிகக் குறைவதும் அதே மாதங்களில். விடுதிக்கு அனுமதி வழங்குமுன் அந்தக் காணியின் மணற்படுகை எவ்வளவு நீரைத் தாங்கும் என்று அளந்து பார்ப்பது கட்டாயமாக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

திரும்பும் வழியில் காற்றில் பறந்து வந்த பனையோலை மட்டை முன் சில்லில் சிக்கிக் காற்றுப் போயிற்று. வெயிலில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போன என்னைக் கண்டு மீன் வியாபாரி ஒருவர் தம் வண்டியை நிறுத்தி, ஒட்டுக் கடைவரை கூடவே வந்தார். ஒட்டுப்போட 300 ரூபாய். மீன்காரர் வாங்கிக்கொண்டது ஒரு வெறுந்தேத்தண்ணீர்.

3 ஓகஸ்ட், சனி – கந்தளாய்

கந்தளாய்க் குளக்கட்டில் காலை ஏழு மணிக்கே வெயில் சுள்ளென்று அடித்தது. ஏழாம் நூற்றாண்டின் இரண்டாம் அக்கபோதி மன்னனோடு வரலாற்று நூல்கள் இக்குளத்தைச் சேர்க்கின்றன. தமிழ் மரபோ குளக்கோட்டு மன்னனையும் கோணேசர் ஆலயத்தையும் தம்பலகாமத்து வயல்களையும் இதனோடு இணைத்துப் பேசும். நீரின் வழியைப் பார்த்தால் இந்தக் குளம் தனித்த ஒன்றல்ல. மகாவலியில் வந்து சேரும் துணையாறான அம்பன் கங்கையில் எலஹெரவில் திருப்பிய நீரை மின்னேரியாவுக்கும் அங்கிருந்து கந்தளாய்க்கும் கொண்டுவரும் கால்வாய்த் தொடர் பண்டைக் காலத்திலேயே வெட்டப்பட்டது. ஆகவே நகரத்துக்கு வந்த இரவு கடைமேசையில் நான் குடித்த குவளையில் மாத்தளை மலைகளின் மழையும் கலந்திருந்தது.

1986 ஏப்ரல் 20 அதிகாலை, ஊர் உறங்கும் வேளையில் இந்தக் கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கட்டில் நின்று கீழே பசுமையாக விரியும் வயலையும் வீடுகளையும் பார்க்கும்போது, அந்த இரவில் நீர் எந்த வழியாகப் போயிருக்கும் என்பதை யாரும் சொல்லாமலே அறிந்துகொள்ள முடிகிறது. அதன் பின் கட்டு மீண்டும் எழுப்பப்பட்டு, இன்று நகரத்துக்குக் குடிநீரும் தம்பலகாமம் வரை வயலுக்கு நீரும் தருகிறது.

கரையில் மீன் இறங்கிக்கொண்டிருந்தது. வலையில் பெரும்பகுதி திலாப்பியா. கிலோ 600 ரூபாய். விரால் நான்கைந்து, கிலோ 1300 ரூபாய், அதுவும் முன்கூட்டியே சொல்லி வைத்தவர்களுக்கு. இலங்கையில் பெரிய இயற்கை ஏரிகள் இல்லை. நம் குளங்களெல்லாம் மனிதன் கட்டியவை. அவற்றில் இருந்த நாட்டு மீன்கள் ஆற்றிலும் வெள்ளச் சமவெளியிலும் வாழப் பழகியவை. ஆழ்ந்து அகன்ற குளத்து நீரை முழுமையாகப் பயன்படுத்தும் மீன் நம்மிடம் இல்லையென்ற எண்ணத்தில் 1952-இல் திலாப்பியா கொண்டுவரப்பட்டது. அது உள்நாட்டு மீன்பிடியைக் கட்டியெழுப்பியது உண்மை. ஏழைக் குடும்பத்தின் சட்டியில் புரதம் சேர்த்ததும் உண்மை. வலையில் கைவிட்டுப் புரட்டிப் பார்த்தபோது, அந்தச் சாம்பல் நிறக் குவியலுக்குள் நாட்டுக் கெண்டையும் கெளுத்தியுமாக ஒரு கை நிறைய மட்டுமே கிடைத்தது. இலங்கையின் நன்னீர் மீன்களில் பாதிக்கு மேல் உலகில் வேறெங்கும் இல்லாதவை. அவற்றுள் பெரும்பாலானவை தென்மேற்கு ஈரவலய ஓடைகளில் வாழ்கின்றன என்பதால் ஆய்வாளர்களின் கண்ணும் பாதுகாப்புப் பணமும் அங்கேயே போகின்றன. வறண்ட வலயக் குளத்தின் நாட்டு மீனுக்கு அந்த அரிதென்ற பெருமை இல்லை, அதனால் அது குறைவதும் கவனிக்கப்படாமல் போகிறது.

நீர் வற்றிய விளிம்பில், காய்ந்து வெடித்த சேற்றுக்குள் குளத்து மட்டியின் ஓடொன்று பாதி புதைந்து கிடந்தது. அதைத் தோண்டி எடுத்தேன். வெளிப்புறம் கருமை கலந்த பழுப்பு. உட்புறம் முத்து நிறம். பொருத்து வாயருகே தோல் உரிந்து வெள்ளையாகியிருந்தது. மேல் ஓட்டில் அடுத்தடுத்து ஓடும் வளையக் கோடுகள் சில இடங்களில் நெருங்கியும் சில இடங்களில் விலகியும் இருந்தன. வளர்ச்சி குன்றிய வறட்சிக் காலங்களும் செழித்த காலங்களும் அவை. இந்த மட்டிகளின் இளம் பருவம் மீனின் செவுளில் ஒட்டிக்கொண்டு சில வாரங்கள் வாழ்ந்த பிறகே அடித்தளத்துக்கு இறங்கும். பொருத்தமான மீன் இல்லையென்றால் மட்டியும் இல்லை. நாளெல்லாம் நீரை உறிஞ்சி வடித்துத் தெளியவைக்கும் அந்த வேலையைச் செய்யவும் ஆளில்லை. குளத்தின் கொள்ளளவை ஏக்கரடியில் பதிவு செய்கிறோம். அதனுள் என்ன உயிர் வாழ்கிறது என்பதையும் அதே அக்கறையோடு ஆண்டுதோறும் பதிவு செய்தாலொழிய இத்தகைய இழப்பு தெரியவே வராது.

மதியச் சோறு குளத்தடிக் கடையில்: சிவப்பரிசிச் சோறு, விரால் குழம்பு, பாகற்காய்ச் சம்பல், 550 ரூபாய். கடைக்காரப் பெண்மணி என் கையிலிருந்த ஓட்டைப் பார்த்துவிட்டு, சிறு வயதில் தாங்கள் இதைக் கொண்டு மாங்காய்த் தோல் சீவியதாகச் சொன்னார். இப்போது பிள்ளைகளுக்குக் காட்டக்கூடக் கிடைப்பதில்லையாம்.

4 ஓகஸ்ட், ஞாயிறு – கன்னியா

இன்று ஆடி அமாவாசை. தந்தையை இழந்தவர்கள் விடியுமுன்பே கன்னியாவுக்கு வரத் தொடங்கியிருந்தார்கள். இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காக வாளால் குத்திய ஏழு இடங்களில் வெந்நீர் பொங்கிற்று என்பது ஐதீகம். அதனாலேயே இங்கே பிதிர்க்கடன் செய்வது வழக்கம். ஏழு சதுரக் கிணறுகள், ஒவ்வொன்றும் இடுப்பளவு ஆழம், வாளியால் அள்ளித் தலையில் ஊற்றிக்கொள்கிறார்கள். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஐயா தாம் அள்ளிய முதல் வாளியை, பின்னால் நின்ற தள்ளாத அம்மாவின் காலில் ஊற்றிவிட்டே தமக்கு எடுத்தார்.

வெப்பமானி 37 முதல் 41 பாகை செல்சியஸ் வரை காட்டியது. ஒன்றுக்கொன்று சில அடி தூரத்திலுள்ள கிணறுகளுக்கிடையே இந்த வேறுபாடு. இலங்கையில் எரிமலை இல்லை. இந்த ஊற்றுக்களின் நீர் மழையாகப் பெய்து, பாறை வெடிப்புக்களின் வழியே மிக ஆழத்துக்கு இறங்கி, அங்கே பூமியின் இயல்பான வெப்பத்தால் சூடாகி, வேறொரு வெடிப்பின் வழியே விரைவாக மேலே திரும்புகிறது. தெற்கே மகாபெலஸ்ஸவிலிருந்து மகாஓயா வழியாகக் கன்னியாவரை இத்தகைய ஊற்றுக்கள் நீண்டதொரு வரிசையில் அமைந்திருக்கின்றன. மகாஓயாவின் நீர் இதைவிட அதிகம் சுடும். மேலேறும் வழியில் குளிர்ந்த மேல் நிலத்தடி நீர் எந்தக் கிணற்றில் எவ்வளவு கலக்கிறது என்பதைப் பொறுத்தே ஏழுக்கும் ஏழு வெப்பம்.

நீரில் நின்றபடி அப்பாவை நினைத்துக்கொண்டேன். அவர் சாகும்வரை எங்கள் வீட்டுக் கிணற்றின் நீர்மட்டத்தைச் சுவரில் கரிக்கட்டியால் குறித்து வைத்தவர்.

இந்த இடத்தைப் பற்றிய உரிமைத் தகராறுகள் பத்திரிகைகளில் பலமுறை வந்தவை. எந்தத் தரப்பினர் ஆண்டாலும் சவர்க்காரமும் ஷாம்பு உறைகளும் கிணற்றுக்கருகில் கிடக்கக் கூடாது. வடியும் நீர் பக்கத்துத் தாழ்நிலத்துக்கே போகிறது. பகல் பத்து மணிக்குள் கூட்டம் நெருக்கித் தள்ள, நான் வெளியேறி வீதியோரத்தில் பாலைப்பழம் 200 ரூபாய்க்கு வாங்கினேன். பருவத்தின் கடைசிப் பழங்கள். பசை உதட்டில் ஒட்டி மாலைவரை போகவில்லை.

5 ஓகஸ்ட், திங்கள் – கிண்ணியா, மூதூர், வெருகல்

இந்தப் பயணத்தில் என்னை அதிகம் களைப்படையச் செய்ததும் அதிகம் சிந்திக்கச் செய்ததும் இன்றைய நாள். கிண்ணியாப் பாலம் 2009-இல் திறக்கப்பட்டது. 396 மீற்றர் நீளம். அதற்கு முன் பாதை எனப்படும் மிதவையில் ஏறிக் களப்பைக் கடந்த காலத்தை ஊரவர் அனைவரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அப்போது பாலமில்லாதிருந்த குறிஞ்சாக்கேணியில் 2021 நவம்பர் 23 அன்று இழுவைப் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உயிரிழந்ததைப் பற்றிப் பேசும்போது, தேநீர்க் கடையில் இருந்த காக்கா (முஸ்லிம் அண்ணர்) குரலைத் தாழ்த்திக்கொண்டார். தண்ணீர் சூழ்ந்த ஊரில் தண்ணீரைக் கடப்பதே பிள்ளைகளுக்குப் பாடுபோலும்.

அவர் தம் வீட்டுக் கிணற்றைக் காட்ட அழைத்துப் போனார். வாய்க்கு நுளம்பு வலை கட்டியிருந்தது. 2017-இல் டெங்கு கிண்ணியாவை உலுக்கிய பிறகு வந்த வழக்கம் அது. வலையை விலக்கி டோர்ச் அடித்தபோது, நீரின் மேற்பரப்பில் விரல் நீளம்கூட இல்லாத கப்பி மீன்கள் வெளிச்சத்தை நோக்கித் திரண்டன. நுளம்புக் குடம்பிகளைத் தின்ன விட்டவை. 2016-இன் இறுதியில் மன்னாரில் கண்டறியப்பட்ட நகர்ப்புற மலேரியா நுளம்பும் கிணறுகளில் முட்டையிடுவது என்பதால் இந்த ஏற்பாடு இன்னும் முக்கியமாகிறது. ஆனால் கப்பி வெளிநாட்டு மீன். மாரியில் கிணறு நிரம்பி வழிந்தால் அது வாய்க்காலுக்கும் களப்புக்கும் போய்விடும். குடம்பி தின்னும் நாட்டுச் சிறு மீன்கள் நம் வாய்க்கால்களிலேயே இருக்கின்றன. அவற்றைப் பிடித்து விட்டால் என்ன என்று கேட்டேன். "சொல்லித் தர ஆள் இருந்தா விடலாம் தம்பி" என்றார். அவருடைய துணைவியார் ஆட்டிறைச்சி ஆணத்தோடு ரொட்டி தந்து சாப்பிடாமல் போகவிடவில்லை.

கிண்ணியாவைக் கடந்து கங்கைப் பாலத்தில் வண்டியை நிறுத்தினேன். மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி வந்து கொட்டியாரக் குடாவில் சேரும் கடைசிப் பகுதி இது. தீவின் ஆறிலொரு பங்கு நிலத்தின் நீர் இந்த வழியாகத்தான் வெளியேற வேண்டும். குடாவுக்குள்ளே கரையை ஒட்டியே தொடங்கும் ஆழ்கடற் பள்ளத்தாக்கு, உலகறிந்த துறைமுகத்தைத் தந்தது. நான் கண்ட ஆறு, அத்தனை பெரிய பெயருக்கு முன் மெலிந்திருந்தது. 1976-இல் பொல்கொல்லையில் திருப்பிய நீரின் ஒரு பகுதி மலையைக் குடைந்து வடக்கே கலாவெவவரை போகிறது. 1985-இல் எழுந்த, 122 மீற்றர் உயரமான விக்டோரியா உட்பட மேலே அடுத்தடுத்து அணைகள் நிற்கின்றன. மின்சாரமும் வயலும் அவற்றால் கிடைத்தன. கிழக்கின் வயல்களும் அந்த நன்மையில் பங்கு பெற்றவையே. இழந்தது, ஆண்டுதோறும் கரை புரண்டு வண்டலைப் பரப்பிய வெள்ளம்.

அந்த வெள்ளத்தை நம்பி இருந்தவை வில்லுகள். பொலன்னறுவைக்குக் கீழே ஆற்றின் இருபுறமும் பரந்து கிடக்கும் இந்தச் சதுப்புப் புல்வெளிகள் மாரியில் நிரம்பி, கோடையில் மெல்ல வடிந்து, மீன் குஞ்சு பொரிக்கவும் யானை மேயவும் எருமை புரளவும் இடமளித்தவை. அணைகளுக்குப் பின் வெள்ளத்தின் உச்சம் குறைந்து, வில்லுகள் சுருங்கின. எஞ்சியவற்றை ஆற்றுவாழை என்னும் மிதக்கும் களை மூடிவருகிறது. மூதூர் வீதியில் சட்டித் தயிர் விற்ற ராத்தாவிடம் (முஸ்லிம் அக்கா) ஒரு சட்டி 550 ரூபாய்க்கு வாங்கினேன். ஓரத்தில் மஞ்சள் பூத்த ஏடு, கரண்டி நிற்கும் கெட்டி, கித்துள் பாணி தனியே. முன்பு ஓகஸ்டிலும் எருமைகள் வீட்டுக்கு அருகே மேய்ந்தனவாம். இப்போது புல் தேடி நெடுந்தூரம் ஓட்டிப்போகிறார்கள், பால் குறைகிறது, விலை ஏறுகிறது. மலைநாட்டில் அணைக் கதவு மூடுவதற்கும் மூதூரில் தயிர் விலை ஏறுவதற்கும் உள்ள தொடர்பை எந்தக் கணக்கேட்டிலும் நான் கண்டதில்லை, அது அந்த ராத்தாவுக்குத் தெரிந்திருக்கிறது.

வெருகலை அடைந்தபோது மாலை நான்கு மணி. மகாவலியிலிருந்து பிரிந்து வரும் கிளையான வெருகலாறு மருத மரங்களின் நிழலில் பழுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. சித்திரவேலாயுதர் கோயிலில் திருவிழாவுக்கு வெள்ளையடிப்பு. இதே ஆற்று நீரை வயல்களுக்குத் திருப்பும் மாவிலாற்றின் கதவுகள் 2006 ஜூலையில் மூடப்பட்டபோது கிழக்கில் மீண்டும் போர் வெடித்தது. இந்தப் பகுதியின் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஊரோடு இடம்பெயர்ந்தனர். ஒரு மதகுக்கு இவ்வளவு பாரம் உண்டென்பதை இந்த மக்களுக்கு யாரும் கற்பிக்கத் தேவையில்லை.

பாலத்தடியில் வீச்சுவலைக்காரர் ஒருவரும் கமக்காரர் ஒருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கு இந்த மாதத்தில் ஆறு கடல்வரை ஓட வேண்டும், இல்லையேல் உவர் மேலேறி மீன் கலைந்துவிடும். கடலில் முட்டையிட்டு ஆற்றுக்கு ஏறி வளரும் விலாங்கும் வழி தெரியாமல் முகத்துவாரத்திலேயே நின்றுவிடும். மற்றவருக்குச் சிறுபோகக் கதிர் முற்றும் இந்த வேளையில் கடைசி நீர் வேண்டும். இருவரும் ஒரே ஊர், ஒரே கோயில். சண்டையில்லாமலே நெடுநேரம் வாதித்தார்கள். என் மானியை நீரில் விட்டு இருவரும் மாறி மாறி எண்ணைப் படித்தார்கள். பாலத்தடியில் இன்னும் நன்னீர்தான். வீச்சுவலைக்காரர் தோணியில் என்னை ஏற்றிக் கீழ்நோக்கித் தண்டு வலித்தார். ஆற்றின் இரண்டாம் வளைவில் மேல்நீர் இனிக்க, கயிற்றில் கட்டி அடியில் இறக்கிய போத்தலின் நீர் கரித்தது. உவர் அடியால் உள்ளே வந்திருந்தது. கமக்காரரிடம் அந்தப் போத்தலைக் கொடுத்தேன். ஒரு மிடறு குடித்துத் துப்பிவிட்டு நீண்ட நேரம் ஆற்றைப் பார்த்தார்.

ஒவ்வொரு போகத்துக்கும் முன் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் நீர்ப்பாசன அதிகாரிகளும் விவசாய அமைப்புக்களும் அமர்ந்து, எப்போது எவ்வளவு நீர் திறப்பதென்று முடிவு செய்கிறார்கள். அது நல்ல வழக்கம். அந்த மேசையில் முகத்துவாரத்துக்காகப் பேச மீனவரும், மணற் கிணறுகளுக்காகப் பேசக் கரையோரத் தோட்டக்காரரும் இருந்தால், கடலுக்குப் போகும் நீரை வீணென்று எழுதும் பழக்கம் மாறும் என்று அவர்களிடம் சொன்னேன். பெரும்போகத்துக்கான கூட்டம் மாரிக்கு முன் கூடும். இம்முறை வீச்சுவலைக்காரரையும் தம்மோடு கூட்டிப்போவதாகக் கமக்காரர் ஒப்புக்கொண்டார். திருகோணமலைக்குத் திரும்ப இருட்டிவிடும், வழியில் யானை நிற்கும் என்று இருவரும் எச்சரித்ததால் இன்றிரவு கோயில் மடத்தில் தங்குகிறேன்.